வரத்து இல்லாத குளமா பால்வீதி?

வாசகி கேள்வி:

“அஸ்ஸலாமு அலைக்கும் சேர். நான் சம்மாந்துறை. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். பாடசாலை விஞ்ஞான தினத்தில் நட்சத்திரங்களின் பிறப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவேண்டும். பால்வீதியில் வருடத்துக்கு ஒன்றிரண்டு சூரியன் அளவுக்கு நட்சத்திரம் பிறக்கிறது என்றும், நம்முடையதைப் போன்ற கலக்ஸிகளில் இருக்கும் வாயு இரண்டு பில்லியன் வருடம்தான் காணும் என்றும் வாசித்தேன். ஆனால் பால்வீதிக்கு 13 பில்லியன் வயது என்கிறார்கள். வேளாண்மை செய்யும் என் வாப்பாவிடம் சொன்னேன். ‘வரத்து இல்லாம எந்தக் குளம் மகள் இத்தனை போகம் தாங்கும்? எங்கயோ இருந்து வருது’ என்றார். ரியூசன் சேரோ, நடுவில் இருக்கும் கருந்துளை வெளியிலிருந்து வாயுவை உறிஞ்சி எடுக்கிறது என்றார். எது சரி? வருகிறதென்றால் மழைபோல வருகிறதா, வாய்க்காலில் வருகிறதா? கண்ணுக்குத் தெரியாத ஒன்று வருகிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? என் பேச்சையும் நாலு பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன். திருத்தித் தாருங்கள். பெயர் போடவேண்டாம்.”

பதில்:

வ அலைக்கும் ஸலாம், மகள்.

வாப்பா சொன்னதுதான் சரி. ரியூசன் சேரைக் குறை சொல்லவும் முடியாது. கருந்துளை என்றால் உறிஞ்சும் என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் ஒட்டிக்கிடக்கிறது. அந்த விசயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நான் களுவாஞ்சிகுடிக்காரன். வானொலித் தொலைநோக்கியால் ஐதரசன் வாயுவை அளப்பது இருபது வருடத்துக்கு மேலாக என் தொழில். என்னதான் பெரிய பெரிய சமன்பாடு எழுதினாலும் கடைசியில் நாங்கள் போடுவது குளக்கணக்குத்தான்: இருப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு, வரத்து எவ்வளவு. இருப்பைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று ஆரம்பக் கூட்டத்தில் பேசும்போது எல்லோரும் குளத்தின் நீர்மட்டத்தையே கேட்பதில்லையா, அதைப்போல. ஆனால் ஒரு கலக்ஸியின் கதை முழுவதும் வரத்தில்தான் இருக்கிறது.

சரி, உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நட்சத்திரம் பிறக்க எல்லா வாயுவும் உதவாது. கும்மிருட்டான, அடர்ந்த, பூச்சியத்துக்குக் கீழே 260 பாகை அளவுக்குக் குளிர்ந்த மேகம் வேண்டும். அங்கே ஐதரசன் இரண்டிரண்டு அணுவாகச் சோடி சேர்ந்து மூலக்கூறாக இருக்கும். பால்வீதியில் அப்படிப்பட்ட வாயு சுமார் 1 பில்லியன் சூரியன் நிறைக்கு இருக்கிறது. சோடி சேராத ஐதரசனையும் கூட்டினாலும் மொத்தம் 10 பில்லியனைத் தாண்டாது, அதிலும் பெரும்பகுதி வெளி ஓரங்களில் சும்மா கிடக்கிறது. செலவு ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு சூரியன் நிறை. நீங்கள் வாசித்த 2 பில்லியன் வருடம் அருகிலுள்ள சுருள் கலக்ஸிகளில் மூலக்கூற்று வாயுவை அளந்து கண்ட சராசரி. பால்வீதிக்கு அதைவிடக் குறைவாகவே வரும்.

இறக்கும் நட்சத்திரங்கள் தங்கள் வாயுவில் ஒரு பங்கைத் திருப்பித் தருகின்றன. பிறந்த நிறையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இப்படித் திரும்பிவரும். மேல் வயலின் வடிச்சல் கீழ் வயலுக்குப் பாய்வது மாதிரி. உங்கள் பக்கத்தில் வடிச்சலை நம்பி விதைக்கிறவர்கள் உண்டு. ஆனால் மேலே தண்ணீர் நின்றால் வடிச்சலும் நின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். வடிச்சல் கணக்கை நீட்டும், தீர்க்காது.

இந்த இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுந்து கேட்கலாம்: “ஆரம்பத்திலேயே குளம் நிரம்பி இருந்திருக்கலாமே? இப்போது அடிமட்டத்தில் நிற்கிறது, அவ்வளவுதானே?” உங்கள் பேச்சு முடிந்ததும் யாராவது இதைக் கேட்டால் திகைக்காதீர்கள். நல்ல கேள்வி. வானியலாளர்களே முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். அது பிழை என்று காட்டியது நட்சத்திரங்களுக்குள் இருக்கும் ‘உப்பு’.

நோன்புக் கஞ்சியை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் முற்றத்தில் பெரிய கிடாரம் நிறையக் கஞ்சி இருக்கிறது. உப்புப் போட மறந்துவிட்டார்கள். ஒரு கோப்பை அள்ளிக் கொடுக்கும்போதெல்லாம் கிடாரத்துக்குள் ஒரு சிட்டிகை உப்புப் போடுகிறார்கள் என்று வைப்போம். கிடாரம் பெரியது, சிட்டிகை சிறியது. ஆகவே உப்பு நாக்கில் தெரியும் முன்பே பாதிப் பேர் சப்பென்ற கஞ்சியோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நட்சத்திரங்கள் செய்வதும் இதுதான். முதலில் இருந்தது ஐதரசனும் ஈலியமும் மட்டும். ஒட்சிசன், இரும்பு எல்லாம் நட்சத்திரங்களின் வயிற்றில் வெந்து, அவை வெடிக்கும்போது வாயுவில் கலந்தவை. ஈலியத்துக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் நாங்கள் ‘உலோகம்’ என்றுதான் சொல்வோம். ஒட்சிசனை உலோகம் என்பதைக் கேட்டால் உங்கள் இரசாயனவியல் ஆசிரியருக்குக் கோபம் வரும்; மேடையில் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். சூரியனைப் போன்ற, அதைவிடச் சிறிய நட்சத்திரங்கள் 10 பில்லியன் ஆண்டும் அதற்கு மேலும் வாழும். ஆதியில் பிறந்தவை இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அவை எந்த வாயுவிலிருந்து பிறந்தனவோ அதன் உப்பை மாறாமல் வைத்திருக்கின்றன, கோப்பையை இன்னும் கழுவாமல் வைத்திருப்பவர்களைப்போல.

பால்வீதி ஆரம்பத்திலேயே நிறைந்த கிடாரம் என்றால், சூரியனுக்கு அக்கம்பக்கத்தில் உப்பில்லாத கிழட்டு நட்சத்திரங்கள் ஏராளமாக இருந்தாகவேண்டும். எண்ணிப் பார்த்தார்கள். 1962இல் சிட்னி வான் டென் பெர்க், அடுத்த ஆண்டு மார்ட்டன் ஷ்மிட். அப்படிப்பட்டவை மிகச் சொற்பம். பத்து வருடம் கழித்து, 1972இல், ரிச்சர்ட் லார்சன் விடையைப் போட்டார்: கிடாரம் ஆரம்பத்தில் நிறைந்திருக்கவில்லை. அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அந்தக் கொஞ்சத்தில் உப்புச் சட்டென்று ஏறியது, சப்பென்று போனவை முதல் சில கோப்பைகள் மட்டும். பிறகு அள்ள அள்ளப் புதிதாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அதனால் உப்பு எக்கச்சக்கமாக ஏறாமலும் நின்றது. வயல் வரம்பில் நின்றபடி வாப்பா சொன்னதை எங்கள் ஆட்கள் நட்சத்திரங்களின் நிறமாலையைப் பிரித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இனி, கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் கண்டோம் என்பது. இது என் சொந்தத் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த ஐதரசன் அணு 21 சென்ரிமீற்றர் நீளமான வானொலி அலையை வெளிவிடும். இப்படி நடக்கவேண்டும் என்று 1944இல் வான் டி ஹுல்ஸ்ட் எழுதிவைத்தார். 1951இல் ஹரோல்ட் யூவென், எட்வர்ட் பர்செல் இருவரும் ஹார்வார்ட் ஆய்வுகூட யன்னலுக்கு வெளியே ஒரு பெரிய கொம்பு வடிவ உணர்கொம்பை வைத்து அதைப் பிடித்தார்கள். மழை பெய்தால் அந்தக் கொம்பு வழியாகத் தண்ணீர் ஆய்வுகூடத்துக்குள் கொட்டுமாம். வானத்து வாயுவைப் பிடிக்கப் போனவர்களுக்கு முதலில் கிடைத்தது மழைத்தண்ணீர்.

வாயு நம்மை நோக்கி வந்தால் அந்த 21 சென்ரிமீற்றர் சற்றுக் குறுகும், விலகினால் சற்று நீளும். அதிலிருந்து வேகம் தெரியும். 1963இல் நெதர்லாந்தின் டுவிங்கலோ 25 மீற்றர் தொலைநோக்கித் தட்டில் முல்லர், ஊர்ட், ரைமொண்ட் மூவரும், பால்வீதியின் சுழற்சியோடு சேராமல் தங்கள் பாட்டுக்கு நொடிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் வேகத்தில் நம்மை நோக்கி வரும் மேகங்களைக் கண்டார்கள். அதிவேக மேகங்கள் என்று பெயர். வரத்தை முதன்முதலாகக் கையும் களவுமாகப் பிடித்தது அப்போதுதான்.

என் மாணவக் காலத்தில் எனக்கும் அப்படி ஒரு மேகம் கிடைத்தது. இரவு இரண்டு மணி. திரையில் நேர்கோடாகக் கிடக்க வேண்டிய கோட்டில், நொடிக்கு 120 கிலோமீற்றர் வேகம் காட்டும் இடத்தில், ஒரு சிறு மேடு. யாரும் குறித்திராத இடம். விடியும்வரை தூங்கவில்லை, ஊருக்குக் கடிதம்கூட எழுதிவிட்டேன். காலையில் என் பேராசிரியர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. “தட்டுக்கு மேலே அலையைப் பிடிக்கும் வாங்கியை ஐந்து சென்ரிமீற்றர் நகர்த்திவிட்டுத் திரும்ப எடு” என்றார். அலைநீளத்தில் ஏறக்குறைய நாலிலொன்று. எடுத்தேன். மேடு பள்ளமாகிவிட்டது. தட்டுக்கும் வாங்கிக்கும் இடையில் அலை முன்னும் பின்னும் மோதி உண்டாக்கிய நெளிவைத்தான் நான் மேகமென்று நம்பியிருக்கிறேன். ஊரில் அம்மா அந்தக் கடிதத்தை அக்கம்பக்கம் எல்லாம் வாசித்துக் காட்டி முடித்திருந்தார். “எப்படிச் சொல்கிறீர்கள்?” என்று நீங்கள் கேட்டதற்கு என் நேர்மையான பதில் இதுதான்: ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. கருவியை ஆட்டிப் பார்த்து, அப்போதும் அசையாமல் நிற்பதைத்தான் சொல்கிறோம்.

அசையாமல் நின்றவற்றில் ஒன்று ஸ்மித் மேகம். 1963இல் கெய்ல் ஸ்மித் என்ற மாணவி லெய்டனில் படிக்கும்போது கண்டது. கழுகு விண்மீன் தொகுதியின் திசையில், சுமார் 40,000 ஒளியாண்டு தூரத்தில், 1 மில்லியன் சூரியன் நிறைக்கு மேற்பட்ட ஐதரசன் பால்வீதியின் நட்சத்திரத் தட்டை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. இன்னும் 30 மில்லியன் ஆண்டு அளவில் வந்து விழும். வெளியிலிருந்து வரும் புதுத் தண்ணீர் என்று பலர் நினைத்திருந்தார்கள். பிறகு ஹபிள் தொலைநோக்கியால் அதன் கந்தகத்தை அளந்தார்கள்; முடிவு 2016இல் வந்தது. சூரியனில் உள்ளதில் பாதியளவு கந்தகம். உப்புப் போட்ட கஞ்சி! பால்வீதியின் வெளி ஓரத்திலிருந்தே எப்போதோ எறியப்பட்டுத் திரும்பி வருகிற வாயு அது, அதாவது வடிச்சல். ஆனால் ‘கொம்ப்ளெக்ஸ் சி’ என்ற இன்னொரு பெரிய மேகத்தில் உலோகம் அதைவிட மிகக் குறைவு. அது புது மழை. பார்த்தீர்களா, எந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை உப்பை வைத்தே பிரித்துவிடலாம்.

அதிவேக மேகங்களை மட்டும் எடுத்து, ஹபிளின் பத்தாண்டுப் பதிவுகளை 2019இல் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, பால்வீதிக்குள் வருவது ஆண்டுக்கு ஏறக்குறைய அரைச் சூரியன் நிறை என்றும், வெளியே போவது அதில் மூன்றிலொன்று அளவென்றும் வந்தது. செலவு முழுவதையும் இது அடைக்காது. மீதி, இப்படி வேகமாக வராமல் மெல்ல இறங்குகிற வாயு. அதற்கு இப்போது வருவோம், ஏனென்றால் உங்கள் ‘மழையா வாய்க்காலா’ அங்கேதான் இருக்கிறது.

ஒரு கலக்ஸியை நாம் படத்தில் பார்ப்பது அதன் நடுப்பகுதியை மட்டும். அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத வாயு உறை ஒன்று பரந்துகிடக்கிறது. பால்வீதிக்கு அப்படியொரு சூடான உறை இருக்கவேண்டும் என்று 1956இலேயே லைமன் ஸ்பிற்சர் எழுதினார். அது தானாக ஒளிர்வது மிக மங்கல். அதனால் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தைப் பார்க்கிறோம். மட்டக்களப்பு வாவியில் அக்கரை லைட்டுகளைப் பாருங்கள். நடுவில் யாரோ வைக்கோல் எரித்த புகை மிதந்தால் புகையே தெரியாவிட்டாலும் லைட் மங்கிச் சிவக்கும். அதுபோல மிகத் தொலைவில் எரியும் குவாசர்களின், அதாவது மிகப் பிரகாசமான கலக்ஸி நடுப்பகுதிகளின், ஒளி ஒரு கலக்ஸியின் உறைக்குள் நுழைந்து வரும்போது குறிப்பிட்ட நிறங்களில் வெட்டு விழும். எந்த நிறத்தில் வெட்டு என்பது எந்தத் தனிமம் என்பதையும், எவ்வளவு சூடு என்பதையும் சொல்லிவிடும். 2020இல் வந்த ஆய்வொன்று 43 குவாசர்களை வைத்து அன்ட்ரோமெடா கலக்ஸியின் உறையை அளந்தது. 1.3 மில்லியன் ஒளியாண்டுவரை பரவியிருக்கிறது, சில திசைகளில் 2 மில்லியன் வரை. அன்ட்ரோமெடாவே 2.5 மில்லியன் ஒளியாண்டு தூரத்தில்தான் இருக்கிறது. அதன் உறையைக் கண்ணால் காண முடிந்தால் சப்தரிஷி மண்டலத்தைப்போல மூன்று மடங்கு அகலமாக வானத்தில் தெரியும்.

அந்த உறைக்குள் வெளியிலிருந்து வாயு எப்படி வந்து சேர்கிறது? பிரபஞ்சத்தில் பொருள் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் கரும்பொருளின் இழுவையால் அது இழை இழையாகத் திரண்டு, இழைகள் சந்திக்கும் முடிச்சுகளில் கலக்ஸிகள் உட்கார்ந்திருக்கின்றன. வாயு அந்த இழைகள் வழியே வருகிறது. வந்து விழும்போது இரண்டில் ஒன்று நடக்கும்.

கலக்ஸியின் மொத்த நிறை, கரும்பொருளையும் சேர்த்து, ஒரு இலட்சம் கோடி சூரியன் அளவுக்கு மேலே போனால், விழும் வாயு உறையின் ஓரத்திலேயே மோதி ஒரு மில்லியன் பாகைக்கு மேல் சூடாகிவிடும். சூடான வாயு விழாது. தன் அமுக்கத்தாலேயே மேலே நிற்கும், பானை மூடியை ஆவி தூக்கிப் பிடிப்பது மாதிரி. ஆற ஆறத்தான் மெல்ல இறங்கும். இதுதான் 1970களில் எல்லோரும் நம்பிய பாதை. நிறை அதற்குக் கீழே இருந்தால் கதை வேறு. சூடேறினாலும் உடனே ஆறிவிடும், மோதல் நிலைக்காது, வாயு குளிர்ந்தபடியே நேரே உள்ளே ஓடிவரும். 2003இல் பிர்ன்போய்ம், டெக்கல் இருவரும், 2005இல் கெரெஷ் குழுவினரும் இதைக் கணக்கிலும் கணினியிலும் காட்டினார்கள். 2009இல் டெக்கல் குழு இன்னொரு படி போனது: இளமைப் பிரபஞ்சத்தில் பெரிய கலக்ஸிகளின் சூடான உறையைக்கூடக் கிழித்துக்கொண்டு குளிர்ந்த நீரோடைகள் உள்ளே இறங்கியிருக்க வேண்டும் என்றது.

ஆகவே உங்கள் கேள்விக்கு: அன்று வாய்க்கால், இன்று தூறல். சுமார் 10 பில்லியன் ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் இப்போதையதைப்போலப் பத்து மடங்கு வேகத்தில் நட்சத்திரங்களைப் பெற்றது. அன்றைய கலக்ஸிகளில் வாயு நிறைய இருந்தது, ஆனாலும் அவை செலவழித்த வேகத்துக்கு அது ஒரு பில்லியன் ஆண்டுகூடத் தாங்காது. வாய்க்கால் நிறைய ஓடியதால்தான் அவை தாங்கின. அந்த ஓடைகள் கலக்ஸியின் தட்டுவரை உடையாமல் வந்தனவா, பாதியில் சிதறிக் கலந்தனவா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். நான் சிதறும் கட்சி. மாநாடுகளில் இதற்காகத் தேநீர் இடைவேளைகளை இழந்திருக்கிறேன்.

பால்வீதி இப்போது அந்த எல்லை நிறைக்கு அருகில் நிற்கிறது. அதன் உறை சூடாகிவிட்டது. இன்று அதற்குத் தண்ணீர் கொடுப்பதில் பெரும் பங்கு அதன் சொந்த ஊற்றுக்கு. பெரிய நட்சத்திரங்கள் வெடிக்கும்போது தட்டிலிருந்து வாயு ஆயிரக்கணக்கான ஒளியாண்டு உயரத்துக்கு எகிறும். அது ஒப்பீட்டளவில் குளிர்ந்தது, உலோகம் நிறைந்தது. சூடான உறைக்குள் நுழைந்ததும் அதைச் சுற்றியுள்ள வாயு கலந்து ஆறிப் படியும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய கிளாஸின் வெளிப்புறம் வியர்க்குமே, அதுபோல. பிறகு ஈர்ப்பால் கீழே விழும்போது போனதைவிடக் கூடுதலாகக் கொண்டுவந்து சேர்க்கும். கொடுத்து வாங்குகிற வியாபாரம்.

இன்னொரு பெரிய வரவும் வழியில் இருக்கிறது. மெகெல்லன் மேகங்கள் என்ற இரண்டு சிறு கலக்ஸிகள் பால்வீதியைச் சுற்றி வருகின்றன. அவற்றிலிருந்து உரிந்த ஐதரசன் வாயு, வானத்தில் 100 பாகைக்கு மேல் நீளமான வால்போலக் கிடக்கிறது. 1974இல் அதற்கு மெகெல்லன் ஓடை என்று பெயர் வைத்தார்கள். அதில் ஒரு பகுதி காலப்போக்கில் நமக்கு வந்து சேரும்.

இனிக் கருந்துளை. பால்வீதியின் நடுவில் இருப்பதன் நிறை சுமார் 4 மில்லியன் சூரியன். பால்வீதியின் மொத்த நிறையோ ஒரு இலட்சம் கோடி சூரியன் அளவு. இரண்டு இலட்சத்து ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கு! வெளியிலிருந்து வரும் வாயுவை இழுப்பது முழுக் கலக்ஸியின், பெரும்பாலும் கரும்பொருளின், ஈர்ப்பு. அதில் கருந்துளையின் பங்கு கடலில் கரைத்த பெருங்காயம். உங்கள் பேச்சில் ‘உறிஞ்சுகிறது’ என்று எழுதிய நாலு இடங்களிலும் ‘விழுகிறது’ என்று மாற்றுங்கள்.

சொல்லப்போனால் கருந்துளை செய்வது நேர் எதிர் வேலை. பெரிய கலக்ஸிகளில் அது கக்கும் சக்தி சுற்றியுள்ள வாயுவை ஆறவிடாமல் சூடாகவே வைத்திருக்கும். ஆறாத வாயு விழாது. பெர்சியஸ் கலக்ஸிக் கொத்தின் நடுவில் உள்ள கருந்துளை கிளப்பும் அலைகளை 2003இல் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி படம்பிடித்தது. அந்த வாயுவில் ஒலி அலைகள் ஓடுகின்றன, பியானோவின் நடு ஸ்வரத்துக்கு 57 ஸ்தாயி கீழே. கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கக் காது கொடுத்து உட்காருகிற நம் ஊரவர்களுக்கு இதைச் சொன்னால் பிடிக்கும். ஆனால் ஓர் அலை கடக்கவே ஏறக்குறைய 10 மில்லியன் ஆண்டு, அதனால் பொறுமை வேண்டும்.

வரத்து நின்றால் என்ன ஆகும்? வாப்பா அடுத்து இதைத்தான் கேட்பார். வானத்தில் நட்சத்திரம் பெறுவதை நிறுத்திவிட்ட கலக்ஸிகள் நிறைய உண்டு. புதிய நீல நட்சத்திரம் இல்லாமல் சிவந்துபோனவை. சிலவற்றில் வாயு ஒரேயடியாக அடித்துச் செல்லப்பட்டது: நெரிசலான கொத்துக்குள் வேகமாகப் போகும்போது அங்குள்ள சூடான வாயுவின் காற்று இவற்றின் வாயுவைப் பின்னால் வாலாக உரித்துவிடும். ஆனால் பெரும்பாலானவை எப்படிச் செத்தன, வெள்ளத்தாலா வரட்சியாலா?

2015இல் யிங்ஜியே பெங், ரொபர்ட்டோ மயோலினோ, ரேச்சல் கொக்ரேன் மூவரும் 26,000 அளவு கலக்ஸிகளை ஆராய்ந்து விடை சொன்னார்கள். எப்படி என்று நினைக்கிறீர்கள்? மறுபடியும் உப்பு. வாயு ஒரேயடியாகப் பறிபோயிருந்தால் இறந்த கலக்ஸியின் உப்பு, இறந்த அன்று இருந்த அளவிலேயே நிற்கும். வரத்து மட்டும் நின்று, கிடாரத்தில் மிஞ்சியதை அள்ளி அள்ளி முடித்திருந்தால், தண்ணீர் சேர்க்க ஆளில்லாமல் உப்பு ஏறிக்கொண்டே போயிருக்கும். இறந்த கலக்ஸிகளில் உப்புக் கூடுதலாக இருந்தது. சராசரியாக 4 பில்லியன் ஆண்டுகளில் மெல்ல மெல்ல முடிந்திருக்கின்றன. அடிக்கஞ்சிதான் கரிக்கும் என்பது உம்மாவுக்கும் தெரியும்.

வாப்பாவின் உவமை ஓரிடத்தில் மட்டும் வழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரைத் திறக்கவும் மூடவும் ஆட்கள் இருக்கிறார்கள். கலக்ஸிக்கு அப்படி யாருமில்லை. வரத்துக் கூடினால் நட்சத்திரங்கள் கூடப் பிறக்கும். கூடப் பிறந்தால் கூட வெடிக்கும். வெடிப்பு வாயுவைத் தூக்கி வெளியே எறியும். 2011 ஜனவரி வெள்ளத்தில் நம் பக்கத்துக் குளங்கள் வான் பாய்ந்ததை நீங்கள் சிறுபிள்ளையாக இருந்து கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுபோல, ஆனால் கதவைத் திறக்க எவரும் போகாமல் தானாக. அதனால் பெரும்பாலான கலக்ஸிகள் வரவுக்கு ஏற்ற செலவில் நடக்கின்றன, சேமிப்பு அதிகமில்லை.

இப்போது உங்கள் நாலு பக்கம். முதல் பக்கத்தில் நெபியூலாக்கள் என்ற வாயுமேகங்களின் அழகைப் பற்றி எழுதியதில் பாதியைக் குறையுங்கள். படம் காட்டினால் போதும். பத்து நிமிடத்தில் ஒரே ஒரு கணக்கைப் பலகையில் போடுங்கள்: இருப்பு வகுத்தல் செலவு. விடை வந்ததும் ஒரு நொடி நிறுத்தி, 13 பில்லியன் என்று பக்கத்தில் எழுதுங்கள். சபை தானாக விழித்துக்கொள்ளும். பிறகு வாப்பா சொன்னதைச் சொல்லுங்கள், அவர் சொன்ன அதே சொல்லில். பிறகு கஞ்சி. டெக்கல், கெரெஷ் பெயர்களெல்லாம் வேண்டாம், யாரும் நினைவில் வைக்கப் போவதில்லை. மூன்றாம் பக்கத்தில் மூலக்கூற்று வாயுவை ‘1 மில்லியன் சூரியன்’ என்று எழுதியிருக்கிறீர்கள், பில்லியன். அப்படியே விட்டால் பால்வீதி ஆறு இலட்சம் ஆண்டில் வற்றிப்போகும்.

பேச்சு முடிந்த பிறகு ஒரு வேலை. மாரி மழை ஓய்ந்து வானம் தெளிகிற பெப்ரவரியில், நிலவில்லாத இரவில், எட்டு மணி அளவில் தெற்கே திறந்த இடமாகப் பார்த்து நில்லுங்கள். வயல் வரம்பு நல்லது. ஆனால் தனியாகப் போகாதீர்கள், யானை வரும், வாப்பாவையும் டோர்ச்சையும் கூட்டிப் போங்கள். தெற்கில் மிகப் பிரகாசமாக அகத்திய நட்சத்திரம் நிற்கும். அதற்குக் கீழே, சற்று வலப்புறம், அடிவானத்திலிருந்து நீட்டிய கையின் ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே தேடுங்கள். டோர்ச்சை அணைத்துக் கண் இருட்டுக்குப் பழகக் கால் மணித்தியாலம் ஆகும். கிழிந்த பஞ்சுபோல ஒரு மங்கல் தெரிந்தால் அது பெரிய மெகெல்லன் மேகம். வாப்பாவிடம் காட்டி, வரத்தில் ஒரு பங்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் என்று சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.